வெந்தயம், பாகல், சிறுகுறிஞ்சான்: சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எவ்வளவு, எப்போது?

வெட்டாற்றங்கரை (கேள்வி)

அம்மாவுக்கு வயது 58, எடை 64 கிலோ. சர்க்கரை வந்து ஆறு வருடம். கடைசியாக எடுத்த அளவுகள்: வெறும் வயிற்றில் 138, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 214, மூன்று மாதச் சராசரி எச்பிஏ1சி 7.4. மாத்திரை: மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. கிளிமெபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும். தைராய்டுக்குத் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம்.

இது போக வீட்டு வைத்தியம். காலை எழுந்ததும் தைராய்டு மாத்திரையை வெந்தயம் ஊறிய தண்ணீரில் விழுங்குகிறார். வெந்தயத்தை வடித்து எறிந்துவிடுகிறோம். அரை மணி கழித்து அரை டம்ளர் பாகற்காய்ச் சாறு. பிறகு ஆன்லைனில் வாங்கிய 'எட்டு மூலிகைச் சூரணம்' ஒரு ஸ்பூன்.

சாப்பாடு: காலை 4 இட்லி, சட்னி. மதியம் இரண்டு கப் சோறு, சாம்பார், ரசம், ஏதாவது பொரியல் கொஞ்சம். மாலை நாட்டுச்சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி. இரவு ஒன்பதரைக்கு மூன்று சப்பாத்தி, குருமா. சீனி சுத்தமாகக் கிடையாது.

இவ்வளவு செய்தும் 214 ஏன்? எந்தப் பொடியைக் கூட்டுவது, எதை நிறுத்துவது? கறுவாப்பட்டைத் தண்ணீரும் சேர்க்கலாம் என்கிறார்கள்.

---

அடுப்படிக்கணக்கு

பொடிகளை ஒரு பக்கம் வையுங்கள். தட்டில் இருப்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம், 214 எங்கிருந்து வருகிறது என்று அங்கேயே தெரியும்.

100 கிராம் இட்லி அரிசிக்கு 25 கிராம் உளுந்து போட்டு அரைத்தால் ஏழெட்டு இட்லி வரும். அரிசியில் மாவுச்சத்து 78 கிராம், உளுந்தில் 13. பங்கு போட்டால் இட்லிக்கு 12 கிராம். நான்கு இட்லி என்றால் 48. மதியம்: 200 மில்லி கப்பில் தலை தட்டி எடுத்த சோறு சுமார் 150 கிராம் இருக்கும், அதில் மாவுச்சத்து 42 கிராம். இரண்டு கப்புக்கு 84. சத்துமாவு 30 கிராமில் 20, நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூனில் 8. சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் 19 கிராம், மூன்றுக்கு 57. கூட்டினால் 217. சாம்பார் பருப்பு, பால், பழம் எல்லாம் இதற்கு மேல். சீனி டப்பாவைப் பூட்டியாயிற்று, ஆனால் சோறும் மாவும் குடலில் போய் அதே குளுக்கோஸாகத்தான் இறங்குகின்றன. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் பெயரில்தான் வேறு. கருப்பட்டியில் தாதுக்கள் கொஞ்சம் கூட இருக்கலாம், ஒரு ஸ்பூனில் அது கணக்கிலேயே வராது.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய 'இன்டியாப்' (INDIAB) என்ற ஆய்வில் நம் கலோரியில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. 2025இல் வந்த அந்தக் கட்டுரை சொல்வது இதுதான்: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, கோதுமைக்குப் பதில் சிறுதானியம் என்று இடம் மாற்றுவதில் பலன் தெரியவில்லை. அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, பால், தயிர் வகைப் புரதத்தை வைத்தால்தான் ஆபத்து குறைகிறது.

இதை வீட்டுச் சமையலாக்கினால் இப்படி வரும். காலை இரண்டு இட்லி போதும், ஆனால் சட்னியோடு நிற்காமல் ஒரு பெரிய கிண்ணம் காய் சாம்பார் இருக்கட்டும். மாவையே மாற்றலாம்: 4:1 விகிதத்தை 2:1 ஆக்கி, தோலோடு கருப்பு உளுந்து போட்டு அரையுங்கள். நிறம் மங்கும், இட்லி கொஞ்சம் கனக்கும், வயிறு நிறையும். மதியம் சோறு ஒரு கப், தலை தட்டி. கண்ணளவு வேண்டாம், முதல் வாரமாவது கப்பால் அளந்து போடுங்கள், கரண்டிக் கணக்கு எப்போதும் ஏமாற்றும். காலியாகும் இடத்தில் பொரியல் ஒன்றரைக் கப், பருப்புக் கூட்டு ஒரு கிண்ணம், அல்லது மீன், அல்லது இரண்டு முட்டை. நாலு மணிக்குக் கஞ்சிக்குப் பதில் சுண்டல். உலர்ந்த கருப்புக் கொண்டைக்கடலை 30 கிராமில் நார்ச்சத்தே ஏழு கிராமுக்கு மேல், புரதம் ஐந்தரை கிராம்.

கஞ்சி ஏன் வேண்டாம் என்றால், தானியம் எது என்பதைவிட அதை எவ்வளவு நைசாக அரைத்து எவ்வளவு நீர்க்கக் காய்ச்சுகிறோம் என்பது பெரிய விஷயம். கேழ்வரகில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 11 கிராம், அரிசியில் 3கூட இல்லை. அந்த நல்ல தானியத்தையே மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றில் நிற்காமல் சரசரவென்று இறங்கிவிடும். அதே கேழ்வரகைக் கெட்டிக் களியாக, கீரைக் குழம்போடு, ஒரு எலுமிச்சை உருண்டைக்குச் சற்றுப் பெரிதாக எடுத்தால் ஏற்றம் மெதுவாகிறது. கம்பும் அப்படித்தான்.

அடுத்தது வரிசை. காயும் புரதமும் முதலில், சோறு கடைசியில். அமெரிக்காவில் 2015இல் 11 பேரை வைத்து ஒரு சிறு சோதனை செய்தார்கள். அதே உணவு, அதே அளவு. வரிசையை மட்டும் மாற்றியதில் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் இலையில் இதைச் செய்வது சுலபம். பொரியலையும் கூட்டையும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளாமல் முதல் பத்து நிமிடம் அதையே சாப்பிட வேண்டும். சாம்பாரில் கிடக்கும் காயையும் அள்ளிக்கொள்ளலாம். பிறகு சோறு. முதல் இரண்டு நாள் "என்னடா இது வெறும் பொரியல்" என்றுதான் இருக்கும். உப்பையும் காரத்தையும் கொஞ்சம் குறைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

பழைய சோறு பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வடித்த சோற்றை ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கினால் செரிக்காத மாவுச்சத்து கூடுவது உண்மை. ஆனால் 100 கிராம் சோற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான். அதை நம்பி இரண்டு கப் சாப்பிட முடியாது.

---

மருந்துச்சீட்டு

மேலே சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. கிளிமெபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரை. தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. சோற்றைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே விட்டால் 11 மணிக்கோ மாலை 5 மணிக்கோ சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்தப் பயம் அநேகமாக இல்லை. ஆகவே உணவை மாற்றும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். மாற்றிய முதல் வாரம் தினமும் நாலு முறை பார்த்து எழுதிய அளவுகளோடு போங்கள். கிளிமெபிரைடைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

காலை வரிசையைப் பாருங்கள்: சர்க்கரை மாத்திரை, பாகற்காய்ச் சாறு, சூரணம். மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன. அன்று பார்த்து இட்லி அரை மணி தள்ளிப்போனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் என்று வரும். வந்தால் உடனே சீனி மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், அது 15 கிராம். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் சாக்லேட், பால் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் ஏறத் தாமதமாகும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே மருத்துவமனை. (அகார்போஸ், வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ் பொடி தனியாக வைத்திருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு அது இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

அந்த எட்டு மூலிகைச் சூரணத்தை இன்றே நிறுத்துங்கள். மூலிகையே கூடாது என்று சொல்லவில்லை. டப்பாவில் எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை என்றால், ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்னொன்று, 'மூலிகை' என்று விற்ற சர்க்கரைப் பொடிகளில் சொல்லாமல் கொள்ளாமல் கிளிபென்கிளமைடும் (கிளிமெபிரைடு வகை மாத்திரை) மெட்ஃபார்மினும் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உட்படப் பலர் பிடித்திருக்கிறார்கள். ஒரு பொடி போட்ட நாலே நாளில் சர்க்கரை 80 புள்ளி விழுந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். எந்த இலையும் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. வாங்கியே தீர வேண்டும் என்றால் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, ஒவ்வொரு சரக்கின் அளவு, இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தைராக்ஸினை வெந்தயத் தண்ணீரில் விழுங்குவது தவறு. வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி வரை எதுவும் வேண்டாம். வெந்தயத்தின் கொழகொழப்பு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு அளவு ஏன் கட்டுக்கு வரவில்லை என்று அப்புறம் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தத் திரியைப் படித்துவிட்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆபத்தாகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டரில் 180தானே என்று வீட்டில் உட்காரக் கூடாது.

---

நார்க்கயிறு

வெந்தயத்தை வடித்து எறிகிறீர்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. வேலை செய்கிற பாகம் அந்த விதைதான், தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான்.

ஒரு ஸ்பூன் வெந்தயத்தை இரவு அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காலையில் பாருங்கள். விதை இரு மடங்காக ஊதியிருக்கும், விரலில் தேய்த்தால் வழுக்கும். அந்த வழுக்கல்தான் காலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. அது குடலில் கூழாகி, சாப்பிட்ட மாவு குளுக்கோஸாகி இரத்தத்தில் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. அப்படியென்றால் அது வயிற்றில் இருக்க வேண்டிய நேரம் சாப்பாட்டு நேரம். காலை ஆறு மணிக்குக் குடித்துவிட்டு எட்டரைக்கு இட்லி சாப்பிட்டால் கூழ் ஒரு பக்கம், இட்லி ஒரு பக்கம்.

அளவு: தலை தட்டிய ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 4 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990களில் செய்த ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 25 கிராமும் அதற்கு மேலும். வீட்டில் சாத்தியமான அளவு 10 கிராம்: காலைச் சாப்பாட்டுக்கு முன் 5, மதியம் 5. ஒரே நாளில் அங்கே போகாதீர்கள், வயிறு உப்பி, கழிச்சல் வந்து, "வெந்தயம் எனக்கு ஒத்துக்காது" என்று நிறுத்திவிடுவார்கள். முதல் வாரம் அரை ஸ்பூன், இரண்டாம் வாரம் ஒரு ஸ்பூன், அப்புறம் இரண்டு வேளை.

ஊறிய விதையை மென்று தின்ன முடியாதவர்கள் பொடி செய்யலாம். வெறும் வாணலியில் சிறு தீயில் வாசம் வரும்வரை மட்டும் புரட்டுங்கள். சிவந்து கறுத்தால் கசப்பு ஏறிவிடும். ஆறியதும் பொடித்து, 15 நாளைக்கு மேல் வராத அளவு செய்துகொள்ளுங்கள். மோரில் ஒரு ஸ்பூன் கலக்கி உடனே குடிக்க வேண்டும். பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போனால் ஸ்பூன் நட்டால் நிற்கும் பதத்துக்கு வந்துவிடும், அதைக் குடிக்க முடியாது. இட்லி மாவில் ஒரு ஸ்பூன் போடுகிறோமே என்பார்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு ஸ்பூன் போட்டால் நாலு இட்லிக்குக் கால் கிராம்கூடத் தேறாது.

வேர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசம் வரும். அது வெந்தயத்தின் வாசம், பயப்பட ஒன்றுமில்லை. வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இந்த அளவுக்குப் போகக் கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு வெந்தயமும் அலர்ஜி ஆகலாம், எல்லாம் ஒரே குடும்பம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி நல்லது.

கசப்பே பிடிக்காதென்றால் இசப்கோல் உமி. சாப்பாட்டுக்கு முன் 5 கிராம், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். பெயர் கவர்ச்சியில்லாததால் யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்தத் திரியில் பேசுகிற பொருள்களில் ஆய்வு ஆதாரம் உறுதியாக இருப்பவற்றில் இசப்கோலும் ஒன்று.

---

குறிஞ்சிக்கொடி

மூலிகைப் பக்கம் நான் சொல்கிறேன். சிறுகுறிஞ்சான், பாகல், ஆவாரை மூன்றையும் ஒரே தராசில் போட முடியாது.

சிறுகுறிஞ்சான், ஊரில் சர்க்கரைக்கொல்லி. இலைப்பொடியை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து ஒரு நிமிடம் புரட்டி, வாய் கொப்பளித்துவிட்டுச் சீனியை வாயில் போட்டுப் பாருங்கள். ஆற்று மணலைத் தின்றது போல இருக்கும், இனிப்பே தெரியாது. ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு மொட்டுகளை அரை மணி, சிலருக்கு ஒரு மணி நேரம்வரை மூடிவிடுகின்றன. கடைச் சரக்கைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை: சீனி இனித்தால் பொடி பழசு, அல்லது வேறு இலை. இனிப்புப் பித்து உள்ளவர்களுக்கு மாலை நாலு மணிக்கு இந்த ஒரு சிட்டிகையே பெரிய உதவி.

இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி. சென்னையில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில் இலையின் சாரத்தை நாளுக்கு 400 மி.கி. வீதம் 22 பேருக்கு மாத்திரையோடு சேர்த்து ஒன்றரை வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள், சர்க்கரையும் மாத்திரைத் தேவையும் குறைந்தன. ஆனால் அது சிறு ஆய்வு, எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் அல்ல. சாரம் வேறு, இலைப்பொடி வேறு என்பதையும் மறக்கக் கூடாது. கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவும் உண்டு. ஆகவே கிளிமெபிரைடோடு சேர்ப்பதென்றால் மருத்துவருக்குத் தெரிந்துதான்.

பாகற்காய்: சரன்டின் என்ற பொருளும் இன்சுலின் போன்ற ஒரு புரதமும் என்று இருக்கும் சரக்கு நிறைய, மனிதரில் காட்டிய பலன் கொஞ்சம். உலர்ந்த பொடி நாளுக்கு 2 கிராம் கொடுத்துப் பார்த்ததில் மெட்ஃபார்மின் 1000 மி.கி. அளவுக்கு வரவில்லை. வெறும் வயிற்றில் சாறு குடித்து வயிறு எரிந்து, கழிச்சல் போவதற்குப் பதில் மதியம் பொரியலாகச் சாப்பிடலாம், நாரும் சேர்ந்து கிடைக்கும். உப்புப் போட்டுப் பிழிந்து, எண்ணெய் வழிய வறுத்து, வெல்லம் தூவுவதென்றால் பேசாமல் அவரைக்காய் செய்யுங்கள். விதையில் விசின் என்ற பொருள் இருக்கிறது. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்த அணுக்கள் உடையலாம், அவர்கள் பாகல் சாறு பக்கமே போகக் கூடாது.

சாறு என்றதும் இன்னொன்று. பாகற்காயோடு சுரைக்காயையும் சேர்த்து அடித்துக் குடிக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. சுரைக்காய் கசந்தால் அது விஷம், குக்குர்பிட்டசின். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு, ஐசிஎம்ஆர் ஒரு குழுவே போட்டு எச்சரித்தது. பாகலோடு கலந்தால் எது கசக்கிறது என்றே தெரியாது. கலக்காதீர்கள். சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

ஆவாரம்பூ: "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி இருக்கிறது, சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீரும் இருக்கிறது. உலர்ந்த பூ ஒரு ஸ்பூனை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவைத்துப் பால், சீனி சேர்க்காமல் குடிக்கலாம். நாளுக்கு இரண்டு சீனி போட்ட காபி போகிற இடத்தில் இது வந்தால் அதுவே லாபம். அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். நாவல் கொட்டைப் பொடிக்கும் இதே பதில்.

---

வடமராட்சி

கறுவா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் 'பட்டை' என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா. தடித்த, கடினமான, ஒரே சுருளாக வளைந்த கருஞ்சிவப்புப் பட்டை, கையால் முறிக்கக் கஷ்டம். எங்கட இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய சுருட்டு மாதிரி, வெளிர் நிறம், விரலால் நொறுக்கலாம். இந்த வித்தியாசம் ருசிக்காக மட்டுமில்லை. காசியாவில் கூமரின் இருக்கு, அது ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வைத்த எல்லை உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. உங்கள் அம்மாவுக்கு நாளுக்கு 6.4 மி.கி. காசியாத் தூள் ஒரு கிராமில் 3 மி.கி. அளவில் இருக்கலாம், ஆகவே ஒரு தேக்கரண்டித் தூளே எல்லையைத் தாண்டும். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். ஆனால் எந்தக் கறுவாவென்றாலும் சீனி வருத்தத்துக்கு உறுதியான பலன் என்று சொல்ல ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கறிக்குப் போடுங்கள், மருந்தாக அள்ள வேண்டாம்.

கொத்தலாஹிம்புட்டு என்ற எங்கட ஊர் மூலிகையின் மரத்தில் செய்த குவளை பற்றியும் யாராவது கேட்பீர்கள். அந்த மூலிகை உங்கள் கடலழிஞ்சிலின் இனம். அதிலுள்ள சலசினோல் குடலில் மாவை உடைக்கும் நொதியைத் தடுக்குது, அகார்போஸ் மாத்திரை செய்யிற வேலைதான். அதனால் வயிற்றுப்பொருமலும் அதே மாதிரி வரும். அகார்போஸோடு சேர்க்கக் கூடாது. குவளையில் இரவு ஊற்றிய தண்ணீரில் எவ்வளவு இறங்கினது என்று அளக்க வழியில்லை.

குரக்கன் (கேழ்வரகு) பிட்டு நல்லது என்று நினைத்து மூன்று கோப்பை சாப்பிடுகிறவர்களுக்கும் மேலே சொன்ன மாவுக் கணக்குத்தான்.

---

வெட்டாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. சூரணத்தை நிறுத்தியாயிற்று, தைராய்டு மாத்திரை இனி வெறும் தண்ணீரில். மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறோம். வெந்தயமும் தட்டு மாற்றமும் வேலை செய்கின்றனவா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? மீட்டர் இருக்கிறது. காலை மட்டும்தான் பார்ப்போம்.

---

சோதனைக்குழாய்

காலை அளவை மட்டும் பார்த்தால் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. விடிகாலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறி, கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடும். 138இல் அதற்குப் பெரிய பங்கு இருக்கும், மதியச் சோற்றுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. இரவுச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்கச் சொல்லுங்கள். நியூசிலாந்தில் செய்த ஆய்வில் நாளில் ஒரு முறை 30 நிமிடம் நடப்பதைவிட மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தது நன்றாக வேலை செய்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வித்தியாசம் இன்னும் அதிகம்.

சோதிக்கும் முறை ஜோடியாக. சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம், அது தவறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் மதியத்தை மட்டும் அளக்கவும். அடுத்த மூன்று நாள் சோறு ஒரு கப். அதற்கடுத்த மூன்று நாள் அதே ஒரு கப், காய் முதலில். பிறகு வெந்தயம். ஒரே நாளில் நாலையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது, எல்லாப் பெருமையும் பொடிக்குப் போய்விடும்.

மீட்டருக்கே 15 விழுக்காடு முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு. நேற்று 172, இன்று 165 என்றால் இரண்டும் ஒன்றுதான். மூன்று நாள் சராசரியில் 30, 40 குறைந்தால் அது பேச்சு. மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 300கூடக் காட்டும், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். நுனியில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில், வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டால் தஞ்சாவூர் ஈரக்காற்றில் கெட்டுவிடும், சமையலறை ஜன்னலில் வைக்காதீர்கள்.

ஒரு கேள்வி. அம்மாவுக்கு ஹீமோகுளோபின், பி12 எவ்வளவு?

---

வெட்டாற்றங்கரை

ஹீமோகுளோபின் 9.4. பி12 பார்த்ததே இல்லை.

---

சோதனைக்குழாய்

அப்படியானால் 7.4 என்ற எண்ணை இப்போதைக்குப் பென்சிலால் எழுதிவையுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் பழைய சிவப்பணுக்கள் அதிக நாள் சுற்றுவதால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விரல் மீட்டரும் இரத்தசோகையில் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம். 138, 214 இரண்டும் ஆய்வகத்தில் நரம்பில் எடுத்ததென்றால் அவை உண்மை அளவுகள், சர்க்கரை இலக்குக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு மேலே என்பதற்கு எச்பிஏ1சியை மட்டும் நம்பி மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது. அடுத்த வாரம் மருத்துவரிடம் இதைச் சொல்லி ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் சோதனை), பி12 இரண்டும் எழுதித்தரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் ஆறு வருடம் சாப்பிட்டால் பி12 இறங்க வாய்ப்பு அதிகம், சைவமென்றால் இன்னும் அதிகம். காலில் எரிச்சல், மதமதப்பு இருந்தால் அது சர்க்கரையாலா பி12 குறைவாலா என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் தைராக்ஸினுக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். வெந்தயம், டீ, காபியோடும் சேர்க்காதீர்கள். காலையில் தைராக்ஸின், காலைச் சாப்பாட்டோடு வெந்தயம் என்று இருப்பதால் இரும்புக்கு மாலை நாலு மணி சரியாக வரும். சுண்டலை ஐந்தரைக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.